காலியாக வந்த தூக்குவாளி

பிரஞ்ச் என்ற சொல்லைக் கேட்டாலே கயலுக்கு இப்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

காலைச் சாப்பாடும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை போர்வைக்குள் கிடந்துவிட்டு எழுந்திருக்கிறவர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த சாப்பாடு. அதைத் தேடித்தான் மூன்று வாரமாக மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று அலைந்திருந்தாள். பெரிய நகரங்களுக்கு வருகிறவர்கள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் ஒரு ஆப், ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ். ‘சென்னையில் பிரஞ்ச் சாப்பிட பத்து இடங்கள்’ என்ற பட்டியல் கயலின் பொறுப்பு. ஆறு மாதத் தற்காலிக வேலை நாளை, திங்கட்கிழமை, நிரந்தரமாகிறதா இல்லையா என்பது அந்தப் பட்டியலின் கையில் இருந்தது.

பட்டியலில் முதல் இடம் அடையாறில் இருக்கும் ‘பத்தே முக்கால்’ என்ற உணவகத்துக்கு. அதற்குள் கயல் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை.

ஆனால் அந்தச் சாப்பாடு அவளுக்கு அத்துப்படி. அம்மா தேவானைக்கு அங்கேதான் வேலை. காய் நறுக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள். இரண்டு வருஷமாக ஞாயிறு சாயங்காலம் பெரிய பாத்திரங்களில் மிஞ்சியதைத் தூக்குவாளியில் வாங்கி வருவாள். விறைத்துப்போன வாஃபிள், ஆறிப்போன தக்காளி முட்டை, காளான் ஆம்லெட், பெயர் வாயில் நுழையாத மஞ்சள் சாஸ். பெரும்பாக்கம் குடியிருப்பின் ஆறாவது மாடியில் தரையில் உட்கார்ந்து கயல் ஒவ்வொன்றாக ருசி பார்த்து, போனில் தேடி, பெயர் கண்டுபிடித்தாள். ‘அம்மா கையால் சாப்பிடுவது போல இருக்கும்’ என்று பட்டியலில் எழுதினாள். மேலதிகாரி அனன்யா அந்த வரியைத்தான் பாராட்டினாள். அது பொய்யில்லை. அம்மா கையால்தான் சாப்பிட்டிருந்தாள்.

பொய் வேறு இடத்தில் இருந்தது. “எங்க அம்மா ஃபுட் ஃபீல்டுல இருக்காங்க” என்று ஆபீஸில் ஒரு நாள் சொல்லி வைத்தாள். அனன்யா அதை ஏதோ கேட்டரிங் கம்பெனி என்று எடுத்துக்கொண்டாள். கயல் திருத்தவில்லை. அனன்யா பெங்களூரிலிருந்து நேரில் வந்து இடங்களைப் பார்க்கப் போகிறாள் என்று போன வாரம் செய்தி வந்தபோதுதான் அவளுக்கு முதுகில் வேர்த்தது.

இன்னொன்று. ஒரு மாதமாகத் தூக்குவாளி காலியாகவே வந்துகொண்டிருந்தது. ஏன் என்று கயல் கேட்கவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் தேவானை அதே தூக்குவாளியைக் கழுவி, அதில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தாள். கயலின் காது குத்துக்குத் தாய்மாமன் சீராக வைத்த எவர்சில்வர் வாளி அது. வயிற்றுப் பக்கம் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்.

“இன்னாம்மா அது?”

“பழைய சோறு. வெங்காயம் கீது.”

“நாப்பது ஐட்டம் போடற எடத்துக்கு பழைய சோறு எடுத்துக்கினு போறியா?”

“ஒடம்புக்கு அதான் ஒத்துக்குது. நீ கெளம்புற வேலைய பாரு.” தேவானை மூடியை அழுத்தினாள். “இன்னிக்கு எங்கெங்க போறீங்க?”

“மயிலாப்பூரு, தி.நகரு...” மூன்றாவதாக அடையாறு என்பதைக் கயல் விழுங்கினாள். அம்மா சமையல்கட்டுக்குள்தான் இருப்பாள். சாப்பிடுகிற இடத்துக்கு வரமாட்டாள். ஒரு மணி நேரம் பார்க்காதது போல இருந்துவிட்டால் தீர்ந்தது. இந்தக் கணக்கை மூன்று நாளாகப் போட்டு வைத்திருந்தாள். அதைப் போட்ட மனசை நினைத்தால் அவளுக்கே கூசியது.

“நல்லா பேசு கண்ணு. அப்பா கிண்டில நைட்டு டூட்டி பாத்துப் பாத்து எளச்சிட்டாரு. நாளைக்கு உன் ஆர்டர் கைக்கு வந்துடணும்.”

தேவானையும் எதையோ சொல்ல வாயெடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போனாள். லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை.

மயிலாப்பூரில் காலை எட்டரைக்கே மெஸ் நிரம்பி வழிந்தது. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்று, அவர் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் வழக்கம் அனன்யாவுக்குப் பிடிக்கவில்லை.

“என்ன கயல் இது? நான் விழுங்கறத ஒருத்தர் எண்ணிட்டே நிக்கறார்!”

சொல்லிவிட்டு அவள் பொங்கலை ஏழு கோணத்தில் படம் எடுத்தாள். எடுத்து முடிப்பதற்குள் நெய் உறைந்து வெள்ளையாக ஏடு கட்டிவிட்டது. இரண்டு ஸ்பூன் சாப்பிட்டு ஒதுக்கினாள். பின்னால் நின்றவர் சத்தமாக உச்சுக் கொட்டினார். அவர் பக்கம்தான் நியாயம் என்று கயலுக்குப் பட்டது.

தி.நகர் ஹோட்டலில் பஃபே. தட்டில் இட்லி மேல் நூடுல்ஸ், நூடுல்ஸ் மேல் கேக், அதன் மேல் மட்டன் குழம்பு. ஒரு பெரிய மனிதர் விரலை நக்கிவிட்டு அதே விரலால் பொதுத் தட்டிலிருந்து கட்லெட்டைப் பொறுக்கினார். முக்கால்வாசி மேஜைகளில் பாதி தின்ற தட்டுகள் மலையாகக் கிடந்தன. கடித்த ரொட்டி, சப்பிப் போட்ட எலும்பு, ஒருவாய் கிள்ளிவிட்டுத் தள்ளி வைத்த அல்வா.

“இத்தனையும் என்ன பண்ணுவாங்க?” என்றாள் அனன்யா.

“குப்பைக்குத்தான் போகும்” என்றாள் கயல். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு அடையாறு. ஆட்டோவை விட்டு இறங்கும்போது அனன்யா சாவகாசமாகக் குண்டைப் போட்டாள்.

“லிஸ்ட் காலைல ஆறு மணிக்கே வெளியிட்டுட்டேன். கோயம்புத்தூர்லேர்ந்து நேத்தே சென்னைக்கு வந்திருக்கற ஒரு குரூப், இருபத்திரண்டு பேர், அதைப் பாத்து உடனே இங்க புக் பண்ணிட்டாங்க. பன்னண்டு மணிக்கு வேன்ல வர்றாங்க. நீதான் வரவேற்கணும். நாளைக்கு உன் கன்ஃபர்மேஷன் மீட்டிங்ல நீ வரவேற்கற படத்தத்தான் காட்டப் போறேன்.”

‘பத்தே முக்கால்’ ஒரு பழைய பங்களா. கூடத்தில் ஊஞ்சல், மண் பானை, சுவரெல்லாம் செடி. மேனேஜர் மதிவாணன் வாசலிலேயே கும்பிட்டுக்கொண்டு நின்றார். பட்டியலில் முதலிடம் கொடுத்த கையைப் பார்க்க வேண்டுமே என்று கயலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போட்டிருந்த சென்ட் கண்ணை எரித்தது.

“மேடம், எங்க பிரெட் புட்டிங் சாப்பிட்டே ஆகணும். புதுசு. ஒரு மாசமா ஞாயித்துக்கிழமைன்னா இதுதான் முதல்ல காலியாகுது.”

சின்ன மண் கிண்ணங்களில் இரண்டு வந்தன. மேலே சர்க்கரைப் பாகு பொன்னிறமாகப் பளபளத்தது. ஏலக்காய் வாசம் தூக்கலாக இருந்தது. எதற்கு இவ்வளவு ஏலக்காய் என்று கயல் ஒரு கணம் நினைத்தாள்.

அந்தச் சமயத்தில் சமையல்கட்டுக் கதவு திறந்து தேவானை வெளியே வந்தாள். தட்டு எடுக்கிற ஆள் வரவில்லை போலிருக்கிறது. இடுப்பில் நீல பிளாஸ்டிக் டப், தலையில் வலைத்தொப்பி.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள்.

கயல் தலையைக் குனிந்து போனைப் பார்த்தாள். போன் அணைந்து கிடந்தது. அவள் குனிந்த அதே நொடியில் தேவானையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். தன் மகள் எதற்காகக் குனிந்தாள் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் கயலை அறைந்தது.

“முதல்ல நீ சாப்பிடு, நான் படம் எடுக்கறேன்” என்றாள் அனன்யா. கயல் ஸ்பூனை எடுத்தாள். புட்டிங்கை அள்ளி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“மேடம், வேணாம் மேடம்.”

தேவானை மேஜையருகே நின்றிருந்தாள். கயலின் கையிலிருந்த ஸ்பூனையும் கிண்ணத்தையும் பிடுங்கி டப்பில் போட்டாள். அனன்யாவின் கிண்ணத்தையும் உள்ளே விரல் விட்டுத் தூக்கிப் போட்டாள்.

“எக்ஸ்கியூஸ் மீ! என்ன பண்றீங்க நீங்க?”

“எறும்பு மேடம். கிண்ணத்துல ஊறிக்கினு இருந்துச்சு.”

மதிவாணன் ஓடி வந்தார். “தேவானை! டேபிள் கிட்ட யாரு உன்ன வரச் சொன்னது? உள்ள போ!”

அனன்யா முகத்தைச் சுளித்தாள். “அவங்க கை உள்ள பட்டுடுச்சு. வேற ஃப்ரெஷ்ஷா கொண்டு வாங்க ப்ளீஸ்.”

அந்தக் கை. பாத்திரப் பொடியில் நகம் தேய்ந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போன கை. இருபத்தைந்து வருஷமாகக் கயல் சாப்பிட்ட கை. அது பட்டதற்குத்தான் அனன்யாவுக்கு அருவருப்பு. கயலுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பெற்ற தாய் தன்னை ‘மேடம்’ என்று கூப்பிட, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கை கழுவிட்டு வரேன்” என்று எழுந்தவள், நேரே சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது கதவுக்குப் பக்கத்திலிருந்த அலமாரி. அதில் வரிசையாக ஏழு சாப்பாட்டுப் பாத்திரங்கள். அடுக்கு டிபன் கேரியர், பிளாஸ்டிக் டப்பா, துணியில் கட்டிய பொட்டலம். கடைசியில் அவள் பெயர் வெட்டிய தூக்குவாளி. அங்கே வேலை செய்கிற ஏழு பேரும் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்திருந்தார்கள். நாற்பது வகை சமைக்கிறவர்கள் அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

அப்புறம் மேஜையைப் பார்த்தாள். ஒரு பெரிய தட்டு நிறையப் பிரெட்டும் பன்னும் கேக்கும். கூடத்துத் தட்டுகளிலிருந்து திரும்பி வந்தவை. ஒருவன் கத்தரிக்கோலால் கடித்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பால் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு துண்டில் லிப்ஸ்டிக் கறை. அதை மட்டும் சுரண்டிவிட்டுப் போட்டான். பக்கத்தில் ஏலக்காய்ப் பொடி டின் திறந்திருந்தது.

கயல் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ இன்னாத்துக்கு உள்ள வந்த?” தேவானை அவளை மூலைக்கு இழுத்தாள்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“இங்கதான் வரப்போறேன்னு நீ சொன்னியா?” தேவானையின் குரல் அடங்கியிருந்தது. கோபம் அடங்கவில்லை. “ரெண்டு வருசம் எடுத்தாந்து குடுத்தேன். அது மிச்சம். யாரும் தொடாதது. போன மாசத்துலேர்ந்து இந்த மேனேஜரு இப்டி பண்ண ஆரம்பிச்சாரு. இது ஊரான் எச்சி. எம் புள்ளைக்கு இத எப்டிக் குடுப்பேன்?”

“இருபத்திரண்டு பேரு வராங்கம்மா. நான் எழுதினத நம்பி வராங்க.”

“வரட்டும். நீ வாயத் தொறக்காத.” தேவானை மகளின் கன்னத்தைத் துடைத்தாள். “நீ தொறந்தா உன் வேலையும் போவும். நேர்ல பாக்காம எழுதனேன்னு ஆயிடும். எனக்கு வேற எங்கனா ஊட்டு வேல கெடைக்கும். உனக்கு இது மாறி கெடைக்குமா? போ கண்ணு. நீ யாரோ, நான் யாரோ. ஒரு மணி நேரந்தான?”

கயல் போட்ட அதே கணக்கு. அம்மா வாயிலிருந்து வந்தபோது அது இன்னும் நாறியது.

அவள் அலமாரியிலிருந்து தூக்குவாளியை எடுத்தாள். அம்மா கையை நீட்டித் தடுப்பதற்குள் கதவைத் தாண்டிவிட்டாள்.

கூடத்தில் அனன்யாவுக்குப் புதுக் கிண்ணம் வந்திருந்தது. ஸ்பூன் அவள் உதட்டருகே இருந்தது.

“அத சாப்பிடாதீங்க, அனன்யா.” கயல் தூக்குவாளியை மேஜை மேல் வைத்தாள். “அடுத்தவங்க தட்டுல கடிச்சு வச்ச ரொட்டி அது. ஓரத்த வெட்டிட்டு, பால்ல ஊறப்போட்டுப் பண்றாங்க.”

ஸ்பூன் கிண்ணத்தில் விழுந்தது. மதிவாணன் சிரிக்கப் பார்த்தார். “என்ன மேடம், விளையாடறீங்களா?”

“உள்ள ஏழு பேரு வேலை செய்யறாங்க. ஏழு பேரும் வீட்லேர்ந்து சோறு கொண்டு வந்திருக்காங்க. ஏன்னு இவர கேளுங்க.”

அனன்யா மதிவாணனைக் கேட்கவில்லை. கயலைத்தான் கேட்டாள். “நீதானே இந்த இடத்துக்கு முதலிடம் குடுத்த? சாப்பிட்டுப் பாத்துட்டுதானே எழுதின?”

“சாப்பிட்டேன். ஆனா இங்க உக்காந்து இல்ல.” கயல் தூக்குவாளியைத் தொட்டுக் காட்டினாள். “இதுல வீட்டுக்கு வந்தத சாப்பிட்டேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா இந்த வாசப்படி ஏறினேன்.”

“வீட்டுக்கு யார் கொண்டு வந்தா?”

சமையல்கட்டுக் கதவருகே தேவானை நின்றிருந்தாள். கயல் இந்தத் தடவை தலை குனியவில்லை.

“இவங்க. இவங்க என் அம்மா.”

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட ஆடுவதை நிறுத்தினார்கள். எல்லாரும் தேவானையைப் பார்த்தார்கள்.

“இல்ல மேடம்” என்றாள் தேவானை. “இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது.”

குரலில் ஒரு பிசிறு இல்லை. பஸ் கண்டக்டரிடம் ஊர் பெயர் சொல்வது போலச் சொன்னாள்.

“கேட்டீங்களா மேடம்?” மதிவாணனுக்கு உயிர் திரும்பி வந்தது. “யாரோ போட்டிக்காரங்க காசு குடுத்துப் பேச வச்சிருக்காங்க. அந்தம்மாவே தெரியாதுங்குது. இந்தப் பொண்ணு எங்க ஸ்டாஃப் வாளிய வேற தூக்கிட்டு வந்திருக்கு!”

கயல் அம்மாவைப் பார்த்தாள். தேவானை சுவரைப் பார்த்தாள். ‘நான் காலையில் செய்ய நினைத்ததை அம்மா இப்போது செய்கிறாள். நான் எனக்காக நினைத்தேன். இவளும் எனக்காகத்தான் செய்கிறாள்’ என்று கயலுக்குப் புரிந்தது.

அனன்யா தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பெங்களூரில் வளர்ந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தேய்ந்துபோன புள்ளிகள் மேல் விரலை வைத்துக்கொண்டு, வாய்விட்டு மெல்லப் படித்தாள்.

“பஞ்... சாட்... சரம்... தே... வானை... மகள்...”

தேவானை கண்ணை மூடிக்கொண்டாள்.

“கயல்... காதணி விழா.”

அனன்யா நிமிர்ந்தாள். கயலைப் பார்க்கவில்லை. தேவானையின் கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மதிவாணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்து, “வாங்க, வாங்க!” என்று கதவை அகலத் திறந்துவிட்டார். இருபத்திரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த மஞ்சள் சுடிதார்ப் பெண் ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள். திரும்பியவள் கயலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“நீங்கதானுங்களே கயல்? லிஸ்ட்ல உங்க போட்டோ பாத்தேனுங்க. அம்மா கையால சாப்பிடற மாதிரி இருக்கும்னு எழுதியிருந்தீங்களே, படிச்சதும் அழுகையே வந்துருச்சு. அதுக்குத்தான் நேரா இங்க வந்தோம்.” அவள் தட்டை நீட்டினாள். “அது எதுங்க? அதையே எடுத்துக்கறோம்.”

மதிவாணன் அவசரமாகப் புட்டிங் கிண்ணங்கள் பக்கம் கையைக் காட்டினார். தேவானை கண்ணைத் திறந்து, வேண்டாம் என்று மகளுக்குத் தலையசைத்தாள்.

கயல் தூக்குவாளியை அந்தப் பெண் பக்கம் நகர்த்தி மூடியைத் திறந்தாள். உள்ளே அம்மாவின் பழைய சோறு, வெங்காயம்.